கட்டுத்தறிச் சுவரில் ஒரு கரும்பலகை

'ஏனுங்க, அஞ்சு கலப்பின மாடு வெச்சிருக்கோம். தினமும் 24 லிட்டர் சொசைட்டிக்கு ஊத்தறோம். லிட்டருக்கு 34 ரூபா கெடைக்குது. ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கலீங்க. எங்க வூட்டுக்காரரு, எல்லா மாட்டையும் வித்துட்டு திருப்பூர் போயிடலாம்னு சொல்றாரு. இதுல லட்சுமிங்கற மாடு எங்கம்மா வூட்டுச் சீரா வந்த மாட்டோட கன்னு. அதைத்தான் முதல்ல விக்கணும்கறாரு. நாலு தடவை ஊசி போட்டும் சினை நிக்கலீங்க. நாங்க எங்க தப்பு பண்றோம்?'

- ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் செய்தது கூட்டல் கழித்தல்தான். 24 லிட்டருக்கு ஒரு நாள் வரவு 816 ரூபாய். ஐந்து மாடுகளுக்கும் தலா 4 கிலோ வீதம் ஒரு நாளைக்கு 20 கிலோ அடர்தீவனம் என்று எழுதியிருக்கிறீர்கள். 50 கிலோ மூட்டை 1,500 ரூபாய் என்றால், கிலோ 30 ரூபாய். தீவனச் செலவு மட்டும் 600 ரூபாய். மீதி 216 ரூபாயில்தான் சோளத்தட்டு, மருந்து, ஊசிக்காரருக்குக் கொடுப்பது, வங்கித் தவணை எல்லாம். கையில் நிற்காததில் வியப்பில்லை.

ஆனால், இந்தக் கணக்கு எங்கே ஓட்டை என்று காட்டவில்லை. அதனால்தான் உங்களிடம் தொலைபேசியில் பேசி, இரண்டு வேலைகள் செய்யச் சொன்னேன். ஒன்று, கட்டுத்தறிச் சுவரில் ஒரு கரும்பலகை. இன்னொன்று, லட்சுமிக்குக் கடைசியாகச் சினை ஊசி போட்ட கதையை மணி வாரியாக ஒரு தாளில் எழுதுவது. நீங்கள் சம்மதித்ததால், அந்த இரண்டையும் மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன். மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது உதவும்.

டிராக்டரில் இருக்கிறது, கட்டுத்தறியில் இல்லை

டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு டேஷ்போர்டு தெரியும். டீசல் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, ஆயில் அழுத்தம் சரியா என்று நாலைந்து முள்ளும் விளக்கும்தான் அதில் இருக்கும். இன்ஜினுக்குள் நூற்றுக்கணக்கான பாகங்கள் ஓடினாலும் ஓட்டுபவர் அந்த நாலைந்தைத்தான் பார்க்கிறார். சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்துகிறார். பெரிய கம்பெனிகளிலும் இதே பெயரில், விற்பனை எவ்வளவு, சரக்கு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் திரையில் பார்க்கிறார்கள்.

மாட்டுப் பண்ணைக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். இரண்டுக்கு மூன்று அடி கரும்பலகையும் சாக்பீஸும் போதும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வரிசை. வரிசைக்கு ஐந்து கட்டம்:

1. கன்று ஈன்ற தேதி
2. நேற்றைய பால், இன்றைய பால்
3. கடைசியாகப் பருவத்துக்கு வந்த தேதி, நேரம்
4. ஊசி போட்ட தேதி, நேரம்
5. அடுத்து கவனிக்க வேண்டிய தேதி

ஐந்துக்கு மேல் வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு மாடுகளுக்கு 14 கட்டம் போட்ட நோட்டு ஒன்று தயார் செய்தேன். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அதில் யாரும் எழுதவில்லை. பீரோவில் பூட்டி வைத்த நோட்டை யார் பார்ப்பார்கள்? சாணி அள்ளுகிறவர், பால் கறக்கிறவர், தட்டு போடுகிறவர் மூன்று பேர் கண்ணிலும் தானாகப் படுகிற இடத்தில் இருந்தால்தான் அது பலகை.

மொத்தக் கணக்கு மறைத்த விஷயம்

பலகை எழுதிய முதல் நாளே ஒரு விஷயம் வெளியே வந்தது. '24 லிட்டர்' என்று சேர்த்துச் சொல்லும்போது தெரியாதது, மாடு மாடாக எழுதியபோது தெரிந்தது. வெள்ளச்சி 12 லிட்டர், கருப்பி 8 லிட்டர், மயிலை 4 லிட்டர். செவலை 7 மாதச் சினை, கறவை நிறுத்தியாயிற்று. லட்சுமி பாலும் இல்லை, சினையும் இல்லை. ஆனால், ஐந்துக்கும் அதே 4 கிலோ.

பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு போடுவதுபோல எல்லா மாட்டுக்கும் சமமாக வைக்கிறோம். மாட்டுக்கு அது நியாயம் இல்லை. உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ, 7 மாதத்துக்கு மேற்பட்ட சினைக்குக் கூடுதலாக ஒன்றரை கிலோ என்பது பொதுவான கணக்கு. பசுந்தீவனம் நன்றாகக் கிடைத்தால் இதைக் குறைத்துக்கொள்ளலாம். இதன்படி வெள்ளச்சிக்கு 6.3 கிலோ, கருப்பிக்கு 4.7, மயிலைக்கு 3.1, செவலைக்கு 3, லட்சுமிக்கு 1.5. மொத்தம் 18.6 கிலோ.

மிச்சம் 1.4 கிலோதான். நாளைக்கு 42 ரூபாய், மாதத்துக்கு 1,260 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால், அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. பண்ணைக்கே சோறு போடும் வெள்ளச்சி, தினமும் இரண்டு கிலோவுக்கு மேல் குறைவாகத் தின்றுகொண்டிருந்தது. அதன் பங்கு, பால் இல்லாத மாட்டின் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். தினமும் கால் கிலோ வீதம் கூட்டிக் குறைத்து, ஒரு வாரம், பத்து நாளில் கொண்டுவாருங்கள். திடீரென்று தீவனத்தைக் கூட்டினால் வயிறு கெட்டுப்போகும்.

வேலையைத் தாளில் நடக்க விடுவது

இப்போது லட்சுமி விஷயத்துக்கு வருவோம். இதற்குப் பலகை போதாது. பலகை எங்கே வலி என்று காட்டும். ஏன் வலி என்று காட்டாது. அதற்குத்தான் வேலையை வரைந்து பார்க்க வேண்டும்.

இப்படி வரைந்து பார்க்கும் பழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் செங்கல் அடுக்கும் கொத்தனாராகத் தொழிலைத் தொடங்கினார். ஒரு செங்கலை வைப்பதற்குள் கொத்தனார் எத்தனை முறை குனிகிறார், திரும்புகிறார் என்று எண்ணிப் பார்த்தார். 18 அசைவுகள் இருந்தன. செங்கல்லைக் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கி வைத்து, அதை ஐந்தாகக் குறைத்தார். ஆளை விரட்டவில்லை, செங்கல் இருக்கும் இடத்தைத்தான் மாற்றினார். அவரும், அவர் மனைவி லில்லியனும் சேர்ந்து 1921-ம் ஆண்டு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில், ஒரு வேலையின் படிகளைக் குறியீடுகள் போட்டுத் தாளில் வரையும் முறையை முன்வைத்தார்கள். 12 பிள்ளைகள் பெற்ற வீடு அது. வேலையை மிச்சப்படுத்தும் அக்கறை அவர்களுக்கு இருந்ததில் ஆச்சர்யம் இல்லை.

நீங்கள் எழுதி அனுப்பிய தாள் இப்படி இருந்தது:

திங்கள் காலை 5 மணி: மாமியார் சாணி அள்ளும்போது, லட்சுமிக்குக் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குவதைப் பார்க்கிறார். மாடு கத்திக்கொண்டும் இருக்கிறது.

திங்கள் இரவு 7 மணி: மகன் வேலை முடிந்து வந்ததும் சொல்கிறார்.

இரவு 8 மணி: மகன் ஊசி போடுபவருக்கு போன் செய்கிறார். 'நாளைக்கு வர்றேன்' என்று பதில்.

செவ்வாய் மதியம் 1 மணி: ஊசி போடுகிறார். பத்து நிமிட வேலை.

இதில் வேலை நடந்த நேரத்தைக் கூட்டுங்கள். பார்த்தது, சொன்னது, போன் செய்தது, ஊசி போட்டது எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை 32 மணி நேரம். மீதி முப்பத்தொன்றரை மணி நேரம் விஷயம் சும்மா காத்துக் கிடந்தது. வேலையை வரைந்து பார்த்தால் பெரும்பாலும் இதுதான் தெரியும். தப்பு யார் கையிலும் இருக்காது. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் இருக்கும்.

பசு மாட்டின் பருவ அறிகுறி ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம்தான் இருக்கும். அது முடிந்து 10 முதல் 14 மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகிறது. கருமுட்டையின் ஆயுள் சில மணி நேரம்தான். அதற்கு முன்பே விந்து உள்ளே போய்த் தயாராகக் காத்திருக்க வேண்டும். அதனால்தான், காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி போட வேண்டும் என்று சொல்கிறார்கள். 32 மணி நேரம் என்பது சந்தை கலைந்த பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. மேலும், மாமியார் பார்த்தது 5 மணிக்கு. பருவம் ராத்திரியே தொடங்கியிருக்கலாம்.

'காலைலயே ஏன் சொல்லலீங்க?' என்று உங்கள் மாமியாரிடம் கேட்டேன். 'ஊசிக்காரர் நெம்பரு அவன் போன்லதான் இருக்குது சாமி. அவன் ஆறு மணிக்கு முன்னாடியே போயிடறான். வேலையில இருக்கறவனைக் கூப்பிட்டா வைவான்' என்றார். நாலு ஊசி வீணானதன் காரணங்களில் ஒன்று இவ்வளவு சின்னது. அந்த வீட்டில் மாட்டின் பருவத்தை முதலில் பார்ப்பவருக்கு போன் செய்யும் உரிமை இல்லை.

ஜப்பானில் டொயோட்டா கார் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. வேலையில் பிழை தெரிந்தால், அங்கே நிற்கும் சாதாரண ஊழியரே ஒரு கயிற்றை இழுக்கலாம். பலகையில் விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார். மேலதிகாரி அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் கயிறு மாமியார் கையில் இருக்க வேண்டும். ஊசி போடுபவரின் எண்ணைப் பலகையின் மேலேயே பெரிதாக எழுதச் சொன்னது அதனால்தான்.

சிவப்புப் பொட்டு எப்போது?

பலகையில் எண் எழுதினால் மட்டும் போதாது. எந்த எண் வந்தால் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். கடையில் அட்டையாக விற்கும் ஸ்டிக்கர் பொட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீழ்க்கண்ட எது நடந்தாலும் அந்த மாட்டின் பெயர் மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள்.

* ஒரு மாட்டின் பால் நேற்றைவிட ஒரு லிட்டருக்கு மேல் குறைந்தால்: அன்றே மடியைத் தொட்டுப் பாருங்கள். வீக்கம், சூடு, பாலில் திரி திரியாக வருவது இருந்தால் மடிநோய். மருத்துவரைக் கூப்பிடுங்கள்.
* ஈன்று 60 நாள் ஆகியும் பருவம் தெரியாவிட்டால்: மருத்துவரிடம் காட்டுங்கள்.
* மூன்று ஊசி போட்டும் சினை நிற்காவிட்டால்: நாலாவது ஊசிக்கு முன் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும்.
* ஊசி போட்ட 90-வது நாள்: சினை பார்க்க வேண்டும். 'மறுபடி கத்தலை, அதனால சினைதான்' என்று நம்பி ஆறு மாதம் தீவனம் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

ஊசி போட்ட அன்றே, அதிலிருந்து 21-வது நாளைக் காலண்டரில் பார்த்து ஐந்தாவது கட்டத்தில் எழுதிவிடுங்கள். 18-ம் நாள் தொடங்கி 24-ம் நாள் வரை விடியற்காலையும், இரவு படுக்கும் முன்னும் இருபது நிமிடம் மாட்டின் பக்கம் நில்லுங்கள். பல மாடுகள் பருவத்தை ராத்திரியில்தான் காட்டும்.

பொட்டு யாரையும் திட்டுவதற்கு இல்லை. 'பார், உன்னால்தான் பால் குறைந்தது' என்று ஒரு தடவை சொன்னீர்கள் என்றால், அடுத்த நாளிலிருந்து பலகையில் பொய் எண் ஏறும். பொய் எழுதிய பலகைக்கு வெறும் சுவரே மேல்.

லட்சுமியை விற்பதா?

லட்சுமி ஈன்று 14 மாதம் ஆகிறது. மூன்றாவது மாதம் சினை பிடித்திருந்தால், பன்னிரண்டாவது மாதத்தில் அடுத்த கன்று போட்டு இப்போது கறந்துகொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும், 340 ரூபாய் வரவேண்டிய இடத்தில் தீவனச் செலவு மட்டும் நடக்கிறது. உங்கள் கணவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சீர் மாடு என்ற உங்கள் பாசத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பேச்சு வளராமல் இருக்க, ஒரு தேதி வேண்டும்.

நான் சொன்னபடி கால்நடை மருத்துவரை வைத்துப் பரிசோதித்தீர்கள். கருப்பையில் கோளாறு இல்லை என்று சொல்லி, தாது உப்புக் கலவை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த பருவம் முந்தைய பருவத்திலிருந்து 20-வது நாள் வந்தது. மாமியார் காலை ஐந்தரை மணிக்கு அவரே போன் செய்திருக்கிறார். மாலை ஆறரை மணிக்கு ஊசி. 13 மணி நேரம். 32 மணி நேரம், செலவே இல்லாமல் 13 ஆகியிருக்கிறது.

சினை பிடித்திருக்கிறதா என்று இன்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சரியான நேரத்தில் போட்டாலும் ஒவ்வொரு ஊசியும் நிற்பதில்லை. அந்த 90-வது நாள் தேதியைப் பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் உங்கள் கணவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதுவரை லட்சுமியை விற்கும் பேச்சு வேண்டாம். இடையில் மறுபடி பருவம் தெரிந்தால் இன்னும் ஒரே ஒரு ஊசி, அதே மாதிரி நேரத்தோடு. அதற்கும் நிற்காவிட்டால், கண்ணீரோடுதான் என்றாலும் விற்றுவிடுங்கள். லட்சுமி ஈன்ற கன்று உங்களிடம் இருக்கிறது. சீர் அதோடு போய்விடாது.

மற்ற நாலு மாட்டையும் விற்று ஊரைவிட்டுப் போவது பற்றி முடிவெடுக்க, செவலை ஈன்று, தீவனக் கணக்கு மாறி மூன்று மாதப் பலகை கையில் இருக்கட்டும். அப்போது வரவு செலவைப் போட்டுப் பார்த்தும் மிச்சம் இல்லையென்றால், உங்கள் கணவர் சொல்வது சரி என்று நானே எழுதுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள்

'இதுக்கெல்லாம் செல்போனில் ஆப் இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமா?'

- சேலம் மாவட்ட வாசகர்

வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. தேதி வந்தால் போனே மணி அடித்து நினைவூட்டும். ஆனால் போன் ஒருவர் சட்டைப் பையில் இருக்கிறது. மாட்டைப் பார்க்கிறவர் வேறு ஒருவர். முதலில் சுவரில் மூன்று மாதம் எழுதிப் பழகுங்கள். எந்த எண் உங்களுக்கு உண்மையில் பயன்படுகிறது என்று தெரிந்த பிறகு ஆப்புக்குப் போங்கள். அப்போதும் பலகையை அழிக்காதீர்கள்.

'மாடு இல்லை. 50 சென்டில் வெண்டை போட்டிருக்கிறேன். எனக்கு இது பொருந்துமா?'

- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

நன்றாகப் பொருந்தும். பலகையில் நாலே கட்டம்: பறித்த தேதி, கிலோ, பறிப்புக் கூலி, கையில் வந்த பணம். ஒரு கிலோ பறிக்க எவ்வளவு கூலி ஆகிறது என்று ஒவ்வொரு பறிப்புக்கும் வகுத்துப் பாருங்கள். கூலி ஏறி, விலை இறங்கி, இரண்டும் நெருங்கும்போது, செடியை அழித்து அடுத்த பயிருக்குப் போகும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். கிலோக் கணக்கில் முற்றல் காய் கழிகிறதா? அப்படியானால் தேதிகளைப் பாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டியது மூன்று நாள் ஆகியிருக்கும். பிறகு, பறித்த காய் மண்டிக்குப் போகும் வரை எங்கெங்கே காத்திருக்கிறது என்று ஒரு நாள் மணி வாரியாக எழுதுங்கள். வரப்பில் வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் எடையும் போகும், பளபளப்பும் போகும். மர நிழலில் வைத்து ஈரச் சாக்கு போர்த்துவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஈரோட்டுச் சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. 90-வது நாள் மருத்துவர் கையை உள்ளே விட்டுப் பார்த்து என்ன சொன்னார் என்று ஒரு கார்டு போடுங்கள். எந்தப் பதிலானாலும் சரி. நல்ல சேதியை மட்டும் எழுதுவதற்கு இல்லை இந்தப் பக்கம். மருத்துவமனை தூரமாக இருந்து, மாட்டுக்கு அவசரம் என்றால், கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் பலகையின் மேலே, ஊசிக்காரர் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாமியாருக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில்.